அரக்குப் புடவைக்குப் பின்னால் என்ன நிறம் வைப்பது?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பெங்களூரு அல்சூரில் வளர்ந்த தமிழ்ப் பெண், மாப்பிள்ளை மைசூர்க் கன்னடக் குடும்பம். தை கடைசி வாரத்தில் ஜெயநகர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், அதற்குக் கட்டப்போவது மயில்கழுத்து நிறப் புடவை. மறுநாள் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம், அதற்கு அரக்கில் மஞ்சள் கரை. டெக்கரேட்டர் பீச்சும் (ரோஜா தட்டிய வெளிர் ஆரஞ்சு) சாம்பல் பச்சையுமாக ஒரு படம் அனுப்பியிருக்கிறார். உங்களுக்குப் பிடித்துவிட்டது, அம்மாவோ "சாயம் போன துணி மாதிரி இருக்கு, இது கல்யாண வீடா?" என்கிறார். அலங்காரத்துக்கு இரண்டரை லட்சம் ஒதுக்கியிருக்கிறீர்கள். பீச்சா, பழையபடி சிவப்பு மஞ்சளா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "எல்லாரும் கூடி முடிவு பண்ற விசேஷத்துல என்னோடதுன்னு ஒண்ணாவது இருக்க வேண்டாமா" என்று, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கம் அப்பா மாலை கட்டிக்கொண்டிருந்தார். பத்து வயதில் வாழைநார் கிழிக்கக் கற்றுக்கொண்டேன். இருபத்தாறு வருஷமாக மேடை அலங்காரம் செய்கிறேன். பூ, துணி, வெளிச்சம் இந்த மூன்றில் நான் சொல்வதை நம்பலாம். சடங்கில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை இரண்டு வீட்டுப் புரோகிதர்களிடமும் கேளுங்கள், அது என் வேலை இல்லை. உங்கள் மண்டபத்தை நான் பார்த்ததும் இல்லை. அதனால் நிச்சயமாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லி, என் ருசியைப் பின்னால் வைக்கிறேன்.

நிச்சயமானது வெளிச்சம். எல்லாரும் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள், அந்த நிறத்தைக் காட்டப்போவது எந்த விளக்கு என்று யாரும் கேட்பதில்லை. நிறம் மாற்றக்கூடிய எல்.இ.டி. மேடை விளக்குகள் வந்த புதிதில் நானும் கேட்கவில்லை. ஒரு முகூர்த்த மேடை முழுக்க நீலமும் ஓரத்தில் ஊதாவும் போட்டேன். சினிமா செட் மாதிரி இருக்கிறது என்று எனக்கே பெருமை. ஆல்பம் வந்த வாரம் பெண்ணின் பாட்டி போன் செய்தார். "ஏம்ப்பா, எங்க பேத்திக்குக் கறுப்புப் புடவையா கட்டி உக்கார வச்சோம்?" பெண் கட்டியிருந்தது நல்ல அரக்கு. சிவப்புத் துணி சிவப்பு ஒளியை மட்டுமே திருப்பி அனுப்பும். நீல வெளிச்சத்தில் திருப்பி அனுப்ப அதற்கு ஒன்றுமே கிடைக்காது, கறுத்துவிடும். மஞ்சள் பூசிய முகமும் சாம்பல் பூத்தது போல ஆகும். அன்றிலிருந்து முகூர்த்தத்துக்கு நான் கலர் லைட் போடுவதில்லை. வீட்டுக்காரர் கேட்டாலும் ரிசப்ஷனோடு நிறுத்திவிடுவேன்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பிப்ரவரி தொடக்கத்தில் பெங்களூருவில் சூரியன் உதிக்க ஏறத்தாழ ஆறே முக்கால் ஆகும். அதாவது சடங்கு இருட்டில் தொடங்கி வெளிச்சத்தில் முடியும். விளக்கு மஞ்சளாகவும் ஜன்னல் வெளிச்சம் நீலமாகவும் சேர்ந்து விழுந்தால், முகத்தின் ஒரு பாதி ஒரு நிறம், மறுபாதி வேறு நிறம். போட்டோகிராபர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இரண்டையும் ஒரே படத்தில் முழுசாகச் சரிசெய்ய முடியாது. மேடைப் பக்கத்து ஜன்னல்களுக்குத் திரை போடச் சொல்லுங்கள். மேடை விளக்குகள் எல்லாம் ஒரே வகையாக, 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, விளக்குப் பெட்டியில் போட்டிருக்கும்) பக்கத்தில் உள்ள இளமஞ்சளாக இருக்கட்டும். மண்டபத்து 6500 கெல்வின் வெள்ளை டியூப் லைட்டுகளை மேடைக்கு மேலே மட்டுமாவது அணைக்க முடியுமா என்று மேனேஜரிடம் கேளுங்கள். ஃபோகஸ் லைட்டின் சி.ஆர்.ஐ. எண், அதாவது நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கான எண், 90க்கு மேல் இருக்க வேண்டும். அது குறைந்தால் முதலில் அடிபடுவது சிவப்புதான், அரக்கு காப்பித்தூள் நிறத்துக்குப் போய்விடும். பின்னால் எல்.இ.டி. திரை இருந்தால் தாலி கட்டும் நேரத்துக்கு அதை அணைத்துவிடச் சொல்லுங்கள். திரை பளிச்சென்று எரியும்போது முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் நிழலாகத்தான் தெரிவார்கள்.

அடுத்து பின்திரை. அரக்குக்குப் பின்னால் சிவப்பு வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பெண்ணின் முகமும் கையும்தான் தெரியும். அதனால் அம்மா சொல்லும் சிவப்பு இந்த ஒரு இடத்துக்குச் சரிவராது. டெக்கரேட்டரின் வெளிர் பீச்சும் முழுப் பின்திரையாக வந்தால் சிரமம்தான். பெரிய வெளிர்ப் பரப்பைப் பார்த்ததும் போன் கேமரா வெளிச்சத்தைத் தானே குறைத்துவிடும், முகங்கள் இருண்டுபோகும். கல்யாணத்தன்று எடுக்கும் படங்களில் பாதிக்கு மேல் சொந்தக்காரர்களின் போனில்தானே இருக்கும். மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒன்று விசாரியுங்கள்: தாரை வார்க்கும்போது கட்ட அவர்கள் பக்கத்திலிருந்து வெள்ளையில் சிவப்புக் கரைப் புடவை வருகிறதா? வருமென்றால் வெளிர்த் திரை அதை விழுங்கிவிடும். அரக்கையும் வெள்ளையையும் ஒரே காலையில் தாங்கக்கூடியது நடுத்தர அடர்த்தியுள்ள இலைப் பச்சை. வாழை, தென்னங்குருத்து, மாவிலை என்று நம் ஆட்கள் பந்தலுக்கு வைத்ததெல்லாம் அந்த அடர்த்திதான். சிவப்பு பச்சைக்கு முன்னால் இன்னும் சிவக்கும். பச்சைக்கு இடையிடையே சந்தன நிறத் துணி, மஞ்சள் பூவில் வரட்டும்.

பீச்சை விட்டுவிட வேண்டாம், ரிசப்ஷனுக்குக் கொண்டுபோங்கள். மயில்கழுத்துப் புடவை நீலமும் பச்சையும் பாவிலும் ஊடையிலுமாகக் கலந்து நெய்தது, திரும்பும்போதெல்லாம் நிறம் மாறும். அதற்குப் பின்னால் வைக்கப் பீச்சைவிடப் பொருத்தமான நிறம் இல்லை. உங்கள் டெக்கரேட்டருக்குக் கண் இருக்கிறது, நேரத்தைத்தான் மாற்றிப் போட்டுவிட்டார்.

அம்மாவிடம் "பீச்", "பேஸ்டல்" என்று பேச வேண்டாம் என்பது என் யோசனை. சிக்பேட்டையில் ஒரு பட்டுக்கடைக்கு அவரோடு போங்கள், நிறங்களை அங்கே பாருங்கள். மாந்துளிர், வாழைத்தண்டு, வெங்காயத்தோல், தாழம்பூ, சந்தனம் என்று வெளிர் நிறங்களுக்குப் பட்டுக்காரர்களிடம் எத்தனையோ பெயர் உண்டு. பீச்சும் மாந்துளிரும் அச்சாக ஒன்றல்ல, மாந்துளிரில் செம்பு கொஞ்சம் கூடும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மாவுக்கு மாமரம் ஞாபகம் வரும், சாயம் போன துணி ஞாபகம் வராது. பேச்சுச் சாமர்த்தியத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. புடவைத் துண்டைக் கையில் கொடுத்து "இந்த நிறம் வேண்டும்" என்றால் டெக்கரேட்டர் தப்ப முடியாது. போன் திரையில் பார்த்த பீச் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு பீச்.

"இதெல்லாம் நம்ம வழக்கமா?" என்று யாராவது மூத்தவர் கேட்டால், சண்டை போடாமல் ஒரு தகவலைச் சொல்லிவையுங்கள். செண்டுமல்லியும் சம்பங்கியும் மெக்சிகோ பக்கத்துச் செடிகள், கடல் தாண்டி வந்தவை. அவை இல்லாமல் இன்று ஒரு தமிழ்க் கல்யாணமும் நடப்பதில்லை. கனகாம்பரம் நம் மண்ணுடையது, அதைத்தான் மேடையில் யாரும் வைப்பதில்லை.

பூ விஷயத்தில் தை கடைசி வாரம் கொஞ்சம் பொல்லாத நேரம். ஓசூர், தொட்டபள்ளாபுரா பக்கம் குடில்களில் வளரும் நீளக் காம்பு ரோஜாவில் நல்லதெல்லாம் பிப்ரவரி 14ஐக் குறிவைத்து வெளிநாட்டுக்குப் போய்விடும். மிஞ்சியது இரண்டு மடங்கு விலை சொல்லும், தரமும் ஒருபடி கீழேதான். டெக்கரேட்டரின் படத்தில் பீச் ரோஜா குவியலாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று கேட்டுப் பாருங்கள். மல்லியும் பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து விலை ஏறும், அதுவும் மேடைக்கு உதவாத பூ. மொட்டு சாயங்காலம் மலர்ந்துவிடும், ராத்திரி தொங்கவிட்டது விடியும்போது ஓரம் பழுத்திருக்கும். மல்லியைத் தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேடைக்கு வெள்ளை வேண்டுமென்றால் சம்பங்கி, வெள்ளைச் சாமந்தி. பின்னல் அலங்காரத்துக்கு மல்லி போதாவிட்டால் அதே இனத்து வெள்ளைப் பூவான காக்கடா கலந்து கட்டச் சொல்லுங்கள். வாசம் குறைவு, ஆனால் பனிக்காலத்தில் நன்றாகக் கிடைக்கும், வாடாமல் நிற்கும். சம்பங்கியில் ஒற்றை இதழ் சரத்துக்கும் மாலைக்கும், அடுக்கு இதழ் காம்போடு செருகுவதற்கு. நம்மூர் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான 'பிரஜ்வல்' என்ற ஒற்றை ரகத்தின் மொட்டில் லேசாக ரோஜா நிறம் தட்டும். மொட்டாகவே சரம் தொடுத்தால் நீங்கள் கேட்கும் வெளிர் நிறம் பாதி விலையில் வந்துவிடும். ரிசப்ஷனுக்கு நான் அதைத்தான் செய்வேன்.

நமக்கு ஒரு சௌகரியம், இந்த ஊர் குளிர். தை மாத ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்குவதால் பதினோரு மணிக்குக் கட்டிய சாமந்தி காலை எட்டு வரை அப்படியே இருக்கும். சென்னையில் இதே வேலையை விடியற்காலம் மூன்று மணிக்குத்தான் தொடங்க வேண்டும். அதனால் ஒரே மேடையை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றுவது இங்கே நடக்கிற காரியம்தான். கேட்க வேண்டியது ஒன்றே: பின்திரை கட்டும் ஃபிரேம் ஒன்றா, இரண்டா? ஒரே ஃபிரேமில் பீச் துணியை இறக்கிவிட்டுப் பச்சையையும் சந்தனத்தையும் ஏற்றினால் செலவு நன்றாகக் குறையும். ரிசப்ஷன் விருந்து பதினொன்றுக்கு முடிந்தால் ஆட்களுக்கு ஐந்து மணி நேரம் கிடைக்கும், அது போதும். மேடையில் போட்டோ எடுத்து முடிக்கப் பன்னிரண்டரை ஆனால் போதாது, விடியலில் பாதி மேடைதான் நிற்கும். இந்த வேலையில் நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலும் இந்த ஒன்றரை மணி நேரத்தில் வந்தவை.

இனி உங்களுடையது என்று ஒன்று. இங்கிருந்து என் ருசிதான், ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. மணவறையில் உங்கள் ருசியைக் காட்டப் பார்க்காதீர்கள். அங்கே அக்னி, பெரியவர்கள், தட்டுகள், இரண்டு புரோகிதர்கள், நடுவில் குழந்தைகள். எது வைத்தாலும் கூட்டத்தில் மறைந்துவிடும், அல்லது யாராவது காலால் தள்ளிவிடுவார்கள். வாசல், வரவேற்பு மேசை, பந்தி, மாலை, தாம்பூலப் பை இந்த ஐந்தும் உங்களுடையவை. அங்கே யாரும் வந்து சட்டம் பேசமாட்டார்கள்.

உங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு பொருளை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. நம் வீடுகளில் கல்யாணத்தின்போது பெண்ணுக்கு மரப்பாச்சி ஜோடி கொடுப்பார்கள், நவராத்திரிக் கொலுவில் முதலில் வைப்பது அதுதான். மைசூர் வீடுகளில் அதே ஜோடிக்குப் பெயர் பட்டத கொம்பெ, ராஜாவும் ராணியும். அங்கேயும் தாய்வீட்டிலிருந்து பெண்ணோடு போகும், தசராவில் மேலே ஏறும். உங்கள் அம்மாவுடைய ஜோடியையும் மாமியாருடைய ஜோடியையும் வாசலில் ஒரே பலகையில் வைத்து, பட்டுத்துண்டு உடுத்தி, நடுவில் ஒரு குத்துவிளக்கு வையுங்கள். அதற்குமேல் ஒரு எழுத்தும் வேண்டாம். இரண்டு பக்கத்துப் பெண்களும் அங்கே நின்றுவிடுவார்கள், அம்மாவுக்கும் மாமியாருக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கும். சென்னபட்டணத்து மரச்செப்பு தாம்பூலப் பையில் போட்டால் குழந்தைகளும் சந்தோஷப்படும், அந்த ஊர் மைசூர் ரோட்டில் அறுபது கிலோமீட்டர்தான். பாட்டியின் பழைய பட்டு எதையாவது ரிசப்ஷன் நுழைவாயிலில் தொங்கவிடும் எண்ணம் இருந்தால், ஆணியோ பின்னோ குத்த விடாதீர்கள். பழைய பட்டு மடிப்பிலேயே கிழியும். கழியில் சுற்றி, பின்னால் பருத்தித்துணி கொடுத்து, விளக்குச் சூடு படாத தூரத்தில் தொங்க வேண்டும்.

வாசல் கோலத்தை டெக்கரேட்டரிடம் விடாதீர்கள். ஒட்டுகிற கோலம் கொண்டுவருவார். சித்தியோ அத்தையோ யாராவது அரிசிமாவு கரைத்துப் போடட்டும், காவிக் கரை கட்டட்டும். கோணலாக வந்தால் இன்னும் நல்லது. பெயர்ப்பலகையில் உங்கள் பெயர் தமிழிலும் அவர் பெயர் கன்னடத்திலும் இருந்தால் தாத்தாக்கள் இரண்டு பேரும் படித்துவிடுவார்கள். தெர்மாகோல் எழுத்து வேண்டாம். அலங்காரத் தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை உண்டு, இருந்தும் பல இடங்களில் கொண்டுவந்து வைக்கிறார்கள். மாட்டினால் மண்டபத்துக்காரர் உங்களைத்தான் கை காட்டுவார். ஒட்டுப்பலகையில் வெட்டிச் சாமந்தி பதித்தால் அழகாகவே இருக்கும். இருவருடைய கார்ட்டூன் படம், இதய வடிவத்தில் போட்டோக்கள் இவற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. என் மகள் கல்யாணத்தில் இரண்டும் இருந்தன.

பணத்தைப் பொறுத்தவரை இரண்டரை லட்சம் இந்தத் திட்டத்துக்குப் போதும், கூரையில் பூ தொங்கவிடாமல் இருந்தால். தலைக்குமேல் எட்டடியில் இருக்கும் பூவை மண்டபத்தில் யாரும் பார்ப்பதில்லை, கேமராவும் பார்ப்பதில்லை. உட்கார்ந்திருப்பவரின் தோளிலிருந்து தலைக்கு மேல் இரண்டடி வரை உள்ள பட்டைதான் ஆல்பம் முழுக்க வரும், பூவை அங்கே கொட்டுங்கள். விளக்குக்கு ஒதுக்குவதைப் பேரத்தில் குறைக்காதீர்கள். வெளி டெக்கரேட்டரைக் கூட்டிவந்தால் சில மண்டபங்களில் ராயல்டி என்று தனியாகக் கேட்பார்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எழுதி வாங்கும் தாளில் "படத்தில் உள்ளபடி" என்ற வார்த்தை இருக்கவே கூடாது. எந்தப் பூ, எத்தனை கிலோ, சரம் எத்தனை மாரு, ரோஜா கிடைக்காவிட்டால் பதிலுக்கு எது, ஆட்கள் எத்தனை மணிக்கு ஏறுவார்கள் என்று இருக்க வேண்டும். மாரு என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். கே.ஆர். மார்க்கெட் பூச்சந்தையில் அளப்பவரின் கை குட்டையாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம் அவ்வளவுதான். ஆளோடு விடியற்காலம் நாலு மணிக்கு நீங்களே ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் எந்த நிறம் எந்தப் பூவில் கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடைசியாக, செயற்கைப் பூ கலந்தால் தப்பா என்று கேட்டிருந்தீர்கள். தப்பில்லை, நானும் கலக்கிறேன், உயரத்திலும் பின்வரிசையிலும். ஆனால் ஹோமகுண்டத்துக்கு மேலும் பக்கவாட்டிலும் துணிப்பூ, நெட், சாட்டின் எதுவும் வரக்கூடாது. பாலியெஸ்டர் தீப்பட்டால் உருகிச் சொட்டும், சொட்டுவது பட்டுவேட்டி மேலும் கைமேலும்தான் விழும். பருத்தியும் எரியும், ஆனால் ஒட்டாது. குண்டத்தைச் சுற்றி இலையும் வாழைத்தண்டும் மட்டும் இருக்கட்டும். பூக்காம்பைச் செருகப் பச்சை ஃபோம் கொண்டுவந்தால் அதற்குப் பதிலாகவும் வாழைத்தண்டையே கேளுங்கள். உள்ளே ஈரம் இருப்பதால் காம்பு காயாது, அப்பா காலத்தில் ஃபோம் என்ற ஒன்றே கிடையாது. முதல் வேலையாக இந்த வாரம் ஒருநாள் விடியற்காலம் ஆறரை மணிக்கு, ரவிக்கைத் துண்டையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்த மண்டபத்துக்குப் போய், மேடை விளக்கைப் போடச் சொல்லி ஒரு படம் எடுங்கள். அதை இங்கே போட்டால் பச்சையின் அளவைச் சரியாகச் சொல்கிறேன்.